வாடைக்காற்றில் ஒரு நாள்

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி)

ஓசூரில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது, புவியியல் தேர்வில் நீல வண்ணம் தீட்டும் இடம், அவ்வளவுதான். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்தது எங்கள் ஊர். காலையில் கண் விழித்தால் காதில் விழுவது ஆலைச் சங்கு. வாசலுக்கு வந்தால் தெரிவது, முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளின் வரிசை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, எங்கெங்கிருந்தோ மக்கள் இங்கே பிழைக்க வந்தனர். இன்றும் வந்துகொண்டே இருக்கின்றனர். எங்கள் வகுப்பில் 42 பேர் இருக்கிறோம். வீட்டில் பேசும் மொழிகளை ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளம், இந்தி, ஒடியா என்று ஏழு வந்தன!

பறவைகள் பருவந்தோறும் இடம் விட்டு இடம் செல்வதை வலசை என்பர். ஊரை விட்டு மக்கள் வேறிடம் பெயர்ந்து போவதற்கும் பழந்தமிழில் அதே சொல்தான் வழங்கியது என்று எங்கள் தமிழாசிரியை ஒருமுறை கூறினார். இரண்டுக்கும் ஒரே சொல் ஏன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் கோடியக்கரையில் கழித்த ஒரு நாள் அதை எனக்கு விளக்கிற்று. அந்த நாளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

புறப்பாடு

என் தந்தையின் சொந்த ஊர் வேதாரண்யத்திற்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். பெரியப்பா அங்கே உப்பளத்தில் வேலை செய்கிறார். அப்பா பத்தொன்பது வயதில் ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போவது வழக்கம்.

அந்த ஆண்டுப் பொங்கல் மற்ற ஆண்டுகளைப் போல இல்லை. அப்பா வேலை செய்யும் பிரிவை முழுவதுமாகக் குஜராத்தில் உள்ள கிளைக்கு மாற்றப் போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. வர விருப்பம் உள்ளவர்கள் சித்திரை மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம். இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொள்ளலாம். இரண்டில் எது என்று வீட்டில் முடிவாகவில்லை. எல்லோரும் போவதானால், என் மேல்நிலைப் படிப்பு நடுவில் அறுந்துவிடும். அப்பா மட்டும் போவதானால், அம்மாவும் நானும் ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் தனியே இருக்க வேண்டும். இந்தப் பேச்சு இரவில் நாங்கள் தூங்கிவிட்டதாக நினைத்த பிறகு நடக்கும். நானும் கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

விடுமுறைக்கு முன், எங்கள் இயற்கை மன்றத்தின் பொறுப்பாளரான அருட்சகோதரியிடம், "சிஸ்டர், நாங்கள் வேதாரண்யம் பக்கம் போகிறோம்" என்றேன். உடனே அவர் ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்து, மன்றத்தின் பைனாகுலரை எடுத்து என் கையில் கொடுத்தார். "கோடியக்கரைக்குப் போகாமல் திரும்பி வராதே. போனால் சும்மா பார்த்துவிட்டு வராதே. நாள், நேரம், இடம், காற்று, எண்ணிக்கை ஐந்தையும் எழுதிக்கொண்டு வா" என்றார். அந்த ஐந்தும்தான் அன்று எனக்கு வழித்துணை.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி என்று பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். மலையும் பாறையும் மெல்ல மறைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளியாகி, கடைசியில் வானமும் நிலமும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் வேதாரண்யம் இருக்கிறது.

கோடியக்கரை

தமிழகத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வரும் கடற்கரை, ஓர் இடத்தில் முழங்கை மடக்கியதுபோல் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முழங்கைதான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலி படகு ஓட்டிய கரை என்றால் உடனே தெரியும்.

இங்குள்ள காடு உலர்ந்த நிலத்தில் வளர்ந்தும் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத அரிய வகைக் காடு. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-ஆம் ஆண்டு இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் அந்தச் சிறப்பை முதலில் பெற்ற இடம் இதுவே. அப்போது தரப்பட்ட குறிப்பின்படி, இங்கே காணப்பட்ட பறவை இனங்கள் 257. அவற்றுள் 119 நீர்ப்பறவைகள். காட்டிற்கு மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு வரை நீண்டு கிடக்கும் சதுப்பு நிலமும் உப்பளங்களும்தான் அவற்றின் குளிர்கால வீடு.

போகும் வழியில் அகத்தியம்பள்ளி வந்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய இடம் அது. "இந்த உப்புக்காகத்தான் அவங்க அடி வாங்குனாங்க. இதே உப்புலதான் நாங்க சோறு திங்கிறோம்" என்றார் பெரியப்பா. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த இடத்தைப் பேருந்தின் ஜன்னல் வழியே கண்டபோது என் உடல் சிலிர்த்தது.

காற்றும் மழையும்

நாங்கள் போன அன்று வானம் ஈயத் தகடுபோல் இருந்தது. வடகிழக்கிலிருந்து வாடை சுழற்றி அடித்தது. முதல் நாள் இரவே மீனவர்கள் படகுகளைக் கரைக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டனர். "இந்தக் காத்துல என்னத்தைப் பார்க்கப் போறீங்க? வீட்டுல இருங்களேன்" என்று பெரியம்மா தடுத்தார். அம்மாவும் தம்பியும் வீட்டிலேயே தங்கிவிட்டனர். அப்பா, பெரியப்பா, நான் மூவருமே கிளம்பினோம். பெரியப்பாவிற்குத் தெரிந்த ஒரு தாத்தா எங்களுடன் வந்தார். வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கித் தொப்பியைக் கழுத்தோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

அவர் சொன்ன முதல் வார்த்தையே எனக்குப் பிடித்துவிட்டது. "பாப்பா, காத்தும் மழையும் உள்ள நாள்லதான் பறவை பார்க்கணும். நல்ல வெயில் நாள்ல அது உன்னைப் பார்த்துட்டுப் பறந்து போயிடும். இன்னிக்கு அதுக்கு உன்னைப் பார்க்க நேரமில்லை."

காட்டு வழியில் வெளிமான்கள் பத்துப் பன்னிரண்டு, மழைக்கு முதுகைக் கொடுத்துப் புல்வெளியில் அசையாமல் நின்றன. முறுக்குக் கொம்புடைய கருநிற ஆண் மான் ஒன்று மட்டும் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. சற்றுத் தள்ளி, இந்தக் காட்டிலேயே பல தலைமுறையாகத் திரியும் மட்டக் குதிரைகள் பிடரி மயிர் பறக்க நின்றன.

காட்டில் பல இடங்களில் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலின் வேலை அது. அந்த இரவில் எண்ணற்ற பறவைகளும் மான்களும் மடிந்தன. எங்கள் பெரியப்பாவின் கொல்லையில் நின்ற எட்டு மாமரங்களில் ஒன்று கூட எஞ்சவில்லை. "மரம் விழுந்த சத்தம் கேக்கலை. காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. விடிஞ்சு கதவைத் திறந்தா, வெளிச்சம் மட்டும் புதுசா இருந்துச்சு" என்றார் அவர். விழுந்த மரங்களின் தூரிலிருந்து இளங்கிளைகள் துளிர்த்து நின்றதைத் தாத்தா கைகாட்டினார். ஆனால் வெட்ட வெளியான இடமெல்லாம் சீமைக் கருவேலமும் முளைக்கப் பார்க்கிறது என்றும் வருத்தத்துடன் கூறினார்.

கடற்கரைக்கு வந்ததும் காற்று ஆளைத் தள்ளிற்று. வாயைத் திறந்தால் மணலும் உப்பும். அலைகள் கலங்கிய காபி நிறத்தில் எழுந்து விழுந்தன. அந்தக் காற்றில் ஆலாக்கள் செய்த வேலையைப் பார்க்க வேண்டுமே! ஒரே இடத்தில் பட்டம்போல் நிற்கின்றன; சட்டென்று சிறகை மடக்கி ஊசிபோல் நீரில் விழுகின்றன; மீனுடன் எழுகின்றன. மனிதர் கரையில் முடங்கிக் கிடந்த அன்று, ஓர் ஆலாகூட விடுமுறை எடுக்கவில்லை. கடற்காகங்கள் மட்டும் மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வரிசை என்றால், எங்கள் பள்ளிக் காலை வழிபாட்டு வரிசையைவிட ஒழுங்கான வரிசை! எல்லா அலகும் ஒரே திசையில், காற்று வரும் பக்கம்.

"ஏன் தாத்தா எல்லாம் காற்றைப் பார்த்தே உட்கார்ந்திருக்கின்றன?" என்று கேட்டேன்.

"முதுகைக் காட்டினா இறகுக்குள்ள காத்துப் புகுந்து கலைச்சுடும்; குளிர் ஏறிடும். முகத்தைக் காட்டினா இறகு ஒட்டிப் படிஞ்சிருக்கும். பறக்கணும்னாலும் எதிர்காத்துலதான் சுலபமா எழும்பும். அதான்" என்றார்.

நோட்டுப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு அதையும் எழுதிக்கொண்டேன்.

உப்பளத்து வரப்பில்

நண்பகலுக்குப் பின் உப்பளப் பக்கம் போனோம். மழைக்காலத்தில் உப்பு விளையாது. தை பிறந்த பிறகுதான் சேறு மிதித்துப் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தொடங்கும். அன்று மழையால் அந்த வேலையும் இல்லை. ஆள் அரவமற்ற பாத்திகளில் சாம்பல் நிற நீர் காற்றில் சிறு சிறு அலையாக ஓடிற்று. வாடை கடல்நீரைச் சதுப்புக்குள் தள்ளியிருந்ததால், பறவைகள் வழக்கமாக இரை தேடும் சேற்று நிலம் முழுகிப் போயிருந்தது.

"பறவையே இல்லையே" என்றார் அப்பா.

தாத்தா சிரித்தார். "அந்த வரப்பைப் பாருங்க."

நீண்ட மண் வரப்பின் மறைவில், காற்று படாத பக்கத்தில், கூழாங்கற்களைக் கொட்டி வைத்ததுபோல் தெரிந்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். அத்தனை கற்களும் உயிருடன் இருந்தன! ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகில் செருகி, நெருக்கியடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான உள்ளான்கள். அவற்றுள் மிகச் சிறியது கொசு உள்ளான். எடை ஏறத்தாழ 25 கிராம். மளிகைக் கடையில் வாங்கும் ஒரு சிறு மிளகுப் பொட்டலம். அந்தப் பொட்டலம், வடதுருவத்தை ஒட்டிய பனிநிலத்தில் பிறந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பக்கத்திலேயே பவளம்போன்ற சிவந்த கால்களுடன் பவளக்கால் உள்ளான்கள், பெயருக்கு ஏற்ப உப்பளத்தில் ஓடித் திரியும் உப்புக்கொத்திகள், அலகு நுனி கீழ்நோக்கி வளைந்த இன்னொரு வகை உள்ளான்கள்.

எப்படி எண்ணுவது? தாத்தா கற்றுக் கொடுத்தார். நம் மன்றத் தோழியருக்கும் இது பயன்படும். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைக்க வேண்டும். பிறகு அதே அளவு துண்டுகளாகக் கூட்டத்தை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டம் மிகப் பெரிதானால் நூறு நூறாக வெட்டலாம். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. நான் 340 என்றேன். அப்பா 360 என்றார். பதினெட்டு ஆண்டுகளாகத் தொழிற்சாலையில் நாள்தோறும் உதிரிப் பாகங்களை எண்ணிய கண்கள் அவருடையவை. மழையில் நனைந்துகொண்டே அப்பாவும் நானும் எண்ணிய அந்த அரைமணி நேரத்தில், பல வாரங்களுக்குப் பின் அவர் முகத்தில் கவலை இல்லாததைக் கண்டேன்.

இப்படி எண்ணுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. 1987-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆண்டுதோறும் எழுதி வைத்தால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். அப்படித் தெரிந்த செய்தி மகிழ்ச்சியானது அன்று. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான உலகச் செம்பட்டியலில், 16 வகைக் கடற்கரைப் பறவைகளின் நிலை முன்னைவிட மோசமாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. நான் அன்று வரப்பில் கண்ட, அலகு வளைந்த உள்ளானும் அவற்றில் ஒன்று. முற்காலத்தில் கோடியக்கரையில் காணப்பட்ட கரண்டி மூக்கு உள்ளான் இன்று உலகம் முழுவதிலும் சில நூறுகளே எஞ்சியுள்ளது.

கொட்டகையில் கேட்ட செய்தி

பிற்பகல் மூன்று மணி இருக்கும். திடீரென்று வானம் இருண்டு பெருமழை பிடித்தது. உப்பளத்து ஓரமாக இருந்த கீற்றுக் கொட்டகைக்குள் ஓடினோம். பெரியப்பா தூக்குவாளியில் கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்டோம். கூரை வழியே ஒழுகிய நீர் சரியாக அப்பாவின் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை.

அங்கேதான் தாத்தா பறவைகளுக்கு வளையம் இடும் கதையைச் சொன்னார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், டாக்டர் சாலிம் அலி காலம் தொட்டு, கோடியக்கரையில் முகாமிட்டுப் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் மாட்டிப் பறக்கவிட்டனர். 1980-களில் அந்தப் பணி இங்கே ஆண்டுக்கணக்கில் நடந்தது. பறவைக்கு ஒரு கீறலும் படாமல் பிடிப்பதற்காகப் பீகாரிலிருந்து மீர்ஷிகார் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் வந்தனர். பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றவர்கள், பிடித்த பறவையைப் பறக்கவிடுவதையே தொழிலாக மாற்றிக்கொண்டனர்! அவர்களுள் அலி உசேன் என்பவர் மிகவும் புகழ் பெற்றவர். இந்தியாவில் வளையமிட்ட பறவைகள் பின்னர் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் கிடைத்தபோதுதான், அவை போகும் வழி நமக்குத் தெரிந்தது. இப்போது சிறு கருவிகளைப் பறவையின் மேல் பொருத்தி வானிலிருந்தே பின்தொடர்கின்றனர். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு மூக்கன் இனப் பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து கடந்தது!

"ஐந்து மாதக் குஞ்சா? யார் வழி காட்டியது?" என்று வியந்தேன்.

தாத்தா வெளியே கைகாட்டினார். "அந்த மூக்கு வளைஞ்ச உள்ளான் இருக்கே, அதையே எடுத்துக்கோ. அது சைபீரியாவோட வடகோடியில முட்டை வைக்குது. இங்கேருந்து ஏழாயிரம் கிலோமீட்டர் இருக்கும்னு முகாம்ல இருந்த சார் சொல்வாரு. குஞ்சு பொரிக்கிறதுக்கு முன்னாலேயே அப்பன் பறவை கிளம்பிடும். குஞ்சு பொரிச்சு, அது தானா இரை பொறுக்க ஆரம்பிச்சு, அப்புறம் ஆத்தாவும் கிளம்பிடும். குஞ்சுங்க கொஞ்ச நாள் கழிச்சு, தானா கூடி, தானா வரும். கூட வழி காட்டப் பெரியவங்க யாரும் கிடையாது."

கொட்டகையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அப்பா மெல்லிய குரலில் கேட்டார்: "வழியில தொலைஞ்சு போயிடாதா மாமா?"

"சிலது போகும். பொய் சொல்லக் கூடாது" என்றார் தாத்தா. "ஆனா வந்து சேர்ந்ததைத்தானே இப்பப் பார்த்துட்டு வந்தீங்க. இன்னொண்ணும் இருக்கு. முதல் வருஷம் வந்த இளசு பலது, கோடை வந்ததும் திரும்பிப் போகாது. இங்கேயே தங்கிடும். பெரிசுங்க எல்லாம் வடக்கே போயிடும். இதுங்க இங்கே மேய்ஞ்சு உடம்பைத் தேத்திக்கிட்டு அடுத்த வருஷம்தான் கிளம்பும். வலசைன்னா எல்லாரும் ஒண்ணா மூட்டை கட்டிக்கிட்டுப் போறது இல்லை. அவங்கவங்களுக்கு ஒரு நேரம் இருக்கு."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் செய்தியைத் தாத்தாவிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பறவையைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அப்பா வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும்தான்.

"அண்ணே, நான் போறேன்னு வெச்சுக்கிட்டா, இதுங்களை நீ அப்பப்ப வந்து பார்த்துக்குவியா?" என்று கேட்டார்.

"இதென்னடா கேள்வி. உப்பு விளையாத மூணு மாசம் எனக்கு என்ன வேலை? ஓசூர்ல வந்து உட்கார்ந்துக்கிறேன்" என்றார் பெரியப்பா.

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் முடியாத பேச்சு, அந்த ஒழுகும் கொட்டகையில் இரண்டே வாக்கியத்தில் முடிந்தது.

பூநாரைகள்

மாலை ஐந்து மணிக்கு மழை விட்டது. மேற்கே மேகத்தின் அடியில் ஒரு கோடு மட்டும் திறந்து வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில், சதுப்பின் நடுவே வெள்ளை வேலிபோல் தெரிந்ததைத் தாத்தா காட்டினார். பைனாகுலரில் பார்த்தால், அத்தனையும் பூநாரைகள்! நீண்ட கழுத்தைத் தாழ்த்தி, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்று நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்டுகொண்டிருந்தன. அந்த நுண்பாசியிலும் உப்புநீர்ச் சிற்றிறாலிலும் உள்ள நிறச்சத்தால்தான் அவற்றின் இறகு ரோஜா நிறம் பெறுகிறது. நான் பத்துப் பத்தாக வெட்டி எண்ணினேன்: 210.

அப்போது காற்று ஒருமுறை ஓங்கி வீசிற்று. கூட்டம் முழுவதும் காற்றை எதிர்த்து நாலடி ஓடி எழுந்தது. வெள்ளையாகத் தெரிந்தவை சிறகை விரித்ததும், உள்ளே மறைந்திருந்த செந்நிறம் பளீரென்று வெளிப்பட்டது. ஈயம் பூசிய வானத்தில் தீக்கங்கு தூவியதுபோல் இருந்தது! கீழே நின்ற நாங்கள் நால்வரும், நனைந்த உடையும் நடுங்கும் பல்லும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என்னே படைப்பின் விந்தை!

"இந்தியாவுல இதுங்க பெருங்கூட்டமாக் கூடு கட்டுறது எங்கே தெரியுமா? குஜராத்துல, கட்ச் பாலைவனத்து உப்புச் சேத்துல" என்றார் தாத்தா.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க இருக்கிற ஊர்தான்."

அதன் பின்

சித்திரைக்கு முன்பே அப்பா விருப்பக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஜூன் முதல் வாரத்தில் குஜராத்திற்குப் புறப்பட்டார். அம்மா வீட்டிலேயே தையல் வேலையை அதிகப்படுத்திக்கொண்டார். காலையில் தம்பியைக் கிளப்புவது, ரேஷன் கடை, மின்கட்டணம் எல்லாம் என் பொறுப்பு. இந்த ஓராண்டில், கடினமாக இல்லாத நாட்கள் குறைவு. தம்பிக்குக் காய்ச்சல் கண்ட இரவில், அம்மாவும் நானும் ஆட்டோ தேடி நடுத்தெருவில் நின்றபோது, அந்த வரப்பில் ஒற்றைக் காலில் நின்ற கொசு உள்ளான்களை நினைத்துக்கொண்டேன். காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு நெருங்கி நிற்க வேண்டும். அவை எனக்குக் கற்றுக் கொடுத்தது அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

சொன்ன சொல் தவறாமல் பெரியப்பா ஐப்பசியில் ஒரு மூட்டை உப்புடன் வந்து இறங்கினார். நவம்பரில் அப்பா ஒரு படம் அனுப்பினார். வேலைக்குப் போகும் வழியில், அறுவடையான வயலில் சாம்பல் நிறப் பெரும் பறவைகள் நூற்றுக்கணக்கில் நின்றிருந்தன. "இதன் பெயர் என்ன, உங்கள் சிஸ்டரைக் கேள்" என்று எழுதியிருந்தார். சிஸ்டர் நூலகப் புத்தகத்தைப் புரட்டி, "இவை டெமாய்சல் பெருங்கொக்குகள், மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்திற்கு வருபவை" என்றார். நாள், நேரம், இடம், காற்று, எண்ணிக்கை ஐந்தையும் எழுதி அனுப்பும்படி அப்பாவுக்குச் செய்தி போயிற்று. இப்போது வாரந்தோறும் அவரிடமிருந்து கணக்கு வருகிறது.

அன்புத் தோழியரே! கோடியக்கரை நமக்குத் தொலைவுதான். ஆனால் பறவைகளின் வலசைப் பாதை ஓசூரையும் விட்டு வைக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் நம் இயற்கை மன்றத்தார் ராமநாயக்கன் ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது கணக்கெடுத்தோம். முக்குளிப்பான்களும் நீர்க்காகங்களும் கொக்குகளும் இருந்தன. கரையோரச் சேற்றில், வாலை ஆட்டியபடி பொரி உள்ளான்கள் நான்கு. அவையும் வடக்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவையே. ஏரியில் பிளாஸ்டிக் மிதக்கிறது. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணைப்பக்கம் நுரை பொங்கி வந்த செய்திகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அவ்வளவு தூரம் பறந்து வரும் விருந்தாளி இறங்குவதற்குக் கையளவு நல்ல சேறாவது நம் ஊரில் இருக்க வேண்டாமா? பிழைக்க வந்தவர்களால் வளர்ந்த ஊர் நம்முடையது. வந்தவரை வாழவைப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரும் ஜனவரிக் கணக்கெடுப்பிற்கு எல்லோரும் வாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு குடையும் போதும். அன்று மழை பெய்தால் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.